பில் போடும் திரையைப் பரிசோதிக்க எவ்வளவு செலவிடலாம்?

2019 நவம்பர் 30ஆம் திகதி வரை எமது நாட்டில் வற் வரியின் பொது வீதம் 15 ஆக இருந்தது. மறுநாளே அது 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூன் 1இல் 12 வீதம், அதே வருடம் செப்டெம்பர் 1இல் மீண்டும் 15 வீதம், 2024 ஜனவரி 1இல் 18 வீதம் என்று ஏறியது. இடையில் 2022 ஒக்டோபர் 1 முதல் 2.5 வீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்து சேர்ந்தது. 2024 ஜனவரியில் வீதம் மட்டும் மாறவில்லை. அதுவரை வற் வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயு, எரிபொருள், கைத்தொலைபேசி உட்படப் பல பொருட்களும் வரி வலைக்குள் கொண்டுவரப்பட்டன.

கையால் பில் எழுதிய காலத்தில் இது கல்குலேட்டரில் ஓர் இலக்கத்தை மாற்றும் வேலை. இன்று நடுத்தரக் கடைகளில்கூட பில்லைக் கணனியே போடுகிறது. வரி வீதம் அங்கே ஓர் இடத்தில் மட்டும் இருப்பதில்லை. விற்பனைப் பில்லில் இருக்கிறது, பொருளைத் திருப்பி எடுக்கும் பில்லில் இருக்கிறது, கழிவு கொடுக்கும் இடத்தில் இருக்கிறது, மாத இறுதி அறிக்கையிலும் இருக்கிறது. ஓரிடத்தில் மாற்றி இன்னோரிடத்தில் மறந்தால் திரையில் எதுவும் சிவப்பாக எரியாது. பில் வழமைபோல வரும். பிழை மட்டும் உள்ளே இருக்கும். அது வெளியே தெரிவது, வாடிக்கையாளர் பில்லைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போதோ, கணக்காளர் வருட இறுதியில் தலையைச் சொறியும்போதோதான்.

ஒரு சிறிய உதாரணத்தைப் பார்ப்போம். வரியுடன் சேர்த்து 1,180 ரூபாவுக்கு ஒரு பொருளை விற்கிறீர்கள். 18 வீதம் என்றால் அதற்குள் அடங்கியுள்ள வரி 180 ரூபா. ஆனால் மென்பொருள் எழுதியவர் 1,180 ரூபாவுக்கே 18 வீதம் கணக்கிட்டுவிட்டால் வரி 212 ரூபா 40 சதமாகக் காட்டும். பில்லின் மொத்தத் தொகை இரண்டு விதத்திலும் 1,180 தான். ஆகவே காசாளருக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. ஒவ்வொரு பில்லிலும் 32 ரூபா 40 சதம் தவறான பக்கத்தில் பதிவாகிக்கொண்டிருக்கும்.

இத்தகைய பிழைகளைப் பிடிப்பதற்குத்தான் திரைப் பரிசோதனை இருக்கிறது. அதைக் கணனியைக் கொண்டே செய்விக்கும் முறைக்குத் தன்னியக்கத் திரைப் பரிசோதனை என்று பெயர். சொந்தமாக மென்பொருள் செய்விப்பவர்கள், ஒன்லைன் கடை நடத்துபவர்கள், பில் மென்பொருளுக்கு மாதாமாதம் கட்டணம் செலுத்துபவர்கள் ஆகிய எல்லோரும் இதன் செலவுக் கணக்கை அறிந்து வைத்திருப்பது நல்லது. சரியான அளவில் செய்தால் இது இலாபம். அளவு தெரியாமல் செய்தால் இதுவே பெரும் நட்டம்.

கையால் பார்ப்பதும் கணனியால் பார்ப்பதும்

மென்பொருளில் ஒரு மாற்றம் செய்த பின்னர் ஒருவர் திரைக்கு முன் அமர்ந்து, பொருளைத் தெரிவு செய்து, அளவைக் கொடுத்து, பணம் செலுத்தும் பொத்தானை அழுத்தி, வந்த விடை சரியா என்று பார்ப்பது கையால் செய்யும் பரிசோதனை. அதே வேலையை ஒரு செய்நிரல் செய்தால் அது தன்னியக்கப் பரிசோதனை. அந்தச் செய்நிரல் மனிதனைப் போலவே திரையைத் திறக்கும், எழுதும், அழுத்தும், விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். இரவு கடையைப் பூட்டிய பின்னர் ஓடவிட்டால் காலையில் முடிவு கையில் இருக்கும்.

ஒரு காலத்தில் இதற்கான கருவிகளைப் பெரிய கம்பனிகளால் மட்டுமே வாங்க முடிந்தது. இத்துறையில் முன்னணியில் நின்ற மெர்கியூரி என்ற கம்பனியை 2006ஆம் ஆண்டில் எச்.பி. நிறுவனம் ஏறத்தாழ 450 கோடி டொலருக்கு வாங்கியது என்றால் அந்தச் சந்தையின் பெறுமதியை ஊகித்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னரே, 2004இல், சிக்காகோ நகரில் தோட்வேர்க்ஸ் கம்பனியில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் செலினியம் என்ற கருவியை உருவாக்கியிருந்தார். மெர்கியூரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மாற்று மருந்து என்ற வேடிக்கையை வைத்தே அந்தப் பெயர் சூட்டப்பட்டது. செலினியம் இலவசமாகவே வெளியிடப்பட்டது. 2020இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவியும் இலவசம். கைத்தொலைபேசிச் செயலிகளைப் பரிசோதிக்க உதவும் அப்பியம் என்ற கருவியும் இலவசமே.

கருவி இலவசம் என்றதும் வேலையும் இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. பலர் சறுக்கும் இடம் இதுதான். அதற்கு வருவதற்கு முன்னர், இதை அலட்சியம் செய்தால் என்ன நடக்கலாம் என்பதைப் பார்த்துவிடுவோம்.

பிரித்தானியத் தபால் கடைகளின் கதை

பிரித்தானியாவில் உப தபாலகங்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் எம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள்தான். பலசரக்குக் கடையின் ஒரு மூலையில் தபால் கருமபீடம் இருக்கும். 1999 முதல் அவர்களுடைய கணக்குகள் ஹொரைசன் என்ற கணனி முறைமைக்கு மாற்றப்பட்டன. அதை வழங்கியது பியூஜிட்சு கம்பனி. நாளடைவில் பல கடைகளில் கணனி காட்டிய தொகைக்கும் லாச்சியிலிருந்த பணத்துக்கும் இடையில் குறை விழத் தொடங்கியது. கணனி பொய் சொல்லாது என்ற எண்ணத்தில் குற்றம் கடைக்காரர் மீது சுமத்தப்பட்டது. பலர் கைப்பணத்தைப் போட்டுக் குறையை நிரப்பினார்கள். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் களவு, பொய்க் கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். வீடு வாசலை இழந்தவர்களும் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு.

2019 டிசம்பரில் இலண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் வழுக்களும் குறைபாடுகளும் இருந்ததை உறுதிப்படுத்தியது. 2024 மே மாதத்தில் அந்தத் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்குவதற்குப் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

அந்த முறைமையில் கண்டுபிடிக்கப்பட்ட வழுக்களில் ஒன்று எமது விடயத்துடன் நேரடியாகத் தொடர்புடையது. ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் என்ற ஊரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. 2015இல் அங்கே 8,000 பவுண் பணத்தைப் பெற்றுக்கொண்டதாகப் பதிவு செய்ய ஒருவர் என்டர் பொத்தானை அழுத்தினார். திரை அசையவில்லை. அழுத்துப்படவில்லை என்று நினைத்து மீண்டும் அழுத்தினார். திரை அசையாமல் நின்றாலும், உள்ளே ஒவ்வொரு அழுத்தலும் புதிதாக 8,000 பவுண் வந்ததாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. இறுதியில் கணக்கில் 24,000 பவுண் குறை விழுந்தது.

திரை நின்றுவிட்டால் எவரும் இரண்டாம் முறை அழுத்தத்தான் செய்வார்கள். எமது காசாளரும் அதைத்தான் செய்வார். ‘பொத்தானை இரண்டு முறை அழுத்து, ஒரு பதிவு மட்டும் விழுந்திருக்கிறதா என்று பார்’ என்பது ஒரு கணனி இரவிரவாகச் சலிப்பில்லாமல் செய்யக்கூடிய பரிசோதனை. மனிதர்கள் பெரும்பாலும் செய்ய மறப்பதும் அதையேதான்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

அப்படியானால் எல்லாத் திரைகளுக்கும் எல்லாப் பொத்தான்களுக்கும் பரிசோதனை எழுதிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும்.

தன்னியக்கப் பரிசோதனையில் மூன்று செலவுகள் உண்டு. முதலாவது, அதை எழுதும் செலவு. இது ஒருமுறைச் செலவு, கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, பராமரிப்புச் செலவு. திரையில் ஒரு பொத்தான் இடம் மாறினாலோ பெயர் மாறினாலோ பரிசோதனை முறிந்துவிடும். யாராவது இருந்து திருத்த வேண்டும். மூன்றாவது, பொய் எச்சரிக்கையின் செலவு. மென்பொருள் சரியாக இருந்தும் பரிசோதனை ‘பிழை’ என்று சொல்லும். அதைத் தேடிப் பார்த்துப் பொய் என்று அறிந்துகொள்ளவும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். விலை பேசும்போது முதலாவது மட்டுமே பேசப்படுகிறது. வண்டி வாங்கும்போது டயரும் சேர்விஸும் மறந்துபோவதைப் போலத்தான் இதுவும்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் சம்பள விகிதத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பில் மென்பொருளில் 40 விடயங்களைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையால் பார்க்க ஒன்றுக்கு 3 நிமிடம். ஒரு சுற்றுக்கு 2 மணித்தியாலம். பார்ப்பவரின் மணித்தியாலம் 600 ரூபா என்றால் ஒரு சுற்றுக்கு 1,200 ரூபா செலவாகும்.

இந்த 40ஐயும் தன்னியக்கத் திரைப் பரிசோதனையாக எழுத ஒன்றுக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுக்கலாம். மொத்தம் 60 மணித்தியாலம். எழுதுபவரின் மணித்தியாலம் 2,000 ரூபா என்றால் 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. பராமரிக்க மாதம் 4 மணித்தியாலம், அதாவது 8,000 ரூபா.

மென்பொருளில் மாதம் இரண்டு முறை மட்டும் மாற்றம் செய்கிறீர்கள் என்றால் கையால் பார்க்கும் செலவு மாதம் 2,400 ரூபா. பராமரிப்புக்கே 8,000 ரூபா போகிறது. இந்த முதலீடு எந்தக் காலத்திலும் திரும்பி வராது. மாறாக மாதம் 20 முறை மாற்றம் நடக்கும் இடமென்றால் கையால் பார்க்க 24,000 ரூபா செலவாகும். பராமரிப்பைக் கழித்தால் மாதம் 16,000 ரூபா மிச்சம். போட்ட முதல் ஏழரை மாதத்தில் திரும்பும்.

இதிலிருந்து முதலாவது பாடம் தெளிவாகிறது. அடிக்கடி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பரிசோதனையைத்தான் கணனியிடம் கொடுக்க வேண்டும். எப்போதாவது செய்வதைக் கையாலேயே செய்வது மலிவு.

எல்லாவற்றையும் திரை வழியாகப் பார்க்கத் தேவையில்லை

ஏழரை மாதம் என்பதை இன்னும் குறைக்கலாம். அதற்கு வழி, 40 பரிசோதனைகளையும் தரம் பிரிப்பதுதான்.

அந்த நாற்பதில் பெரும்பகுதி உண்மையில் கணக்கு சம்பந்தப்பட்டது. வரி சரியா, கழிவு சரியா, சதங்கள் சரியாகச் சுருக்கப்படுகின்றனவா, ஒன்றேகால் கிலோவுக்கு விலை சரியா என்பன போன்றவை. இவற்றைப் பார்க்கத் திரையைத் திறந்து பொத்தான்களை அழுத்த வேண்டிய அவசியம் இல்லை. கணக்குப் போடும் பகுதியை நேரடியாகக் கேட்டால் போதும்: ‘1,180 ரூபாவுக்குள் வரி எவ்வளவு?’ விடை 180 என்றால் சரி, இல்லாவிட்டால் பிழை. இத்தகைய பரிசோதனையைக் கால் மணித்தியாலத்தில் எழுதிவிடலாம். கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடும். திரையின் தோற்றம் எத்தனை முறை மாறினாலும் இது முறியாது.

மென்பொருள் துறையில் இதைப் பரிசோதனைப் பிரமிட் என்பார்கள். மைக் கோன் என்பவர் 2009இல் வெளியிட்ட நூல் மூலம் இது பரவலாக அறியப்பட்டது. பிரமிட்டின் அடியில் சிறிய கணக்குப் பரிசோதனைகள் நிறைய இருக்க வேண்டும். நடுவில் பகுதிகள் ஒன்றோடொன்று இணைவதைப் பார்ப்பவை ஓரளவு. உச்சியில் திரை வழியாக முழுவதையும் பார்ப்பவை மிகக் கொஞ்சம். கூகுள் நிறுவனத்தின் பரிசோதனைப் பிரிவினர் 2015இல் வெளியிட்ட ஆலோசனையில் இதற்கு ஒரு தொடக்க அளவையும் சொன்னார்கள்: அடியில் 70 வீதம், நடுவில் 20 வீதம், உச்சியில் 10 வீதம். பணத்துக்கும் ஆட்களுக்கும் பஞ்சமில்லாத கூகுளே திரைப் பரிசோதனையைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கச் சொன்னால், நாம் அதை அள்ளித் தெளிப்பதில் நியாயமில்லை.

எமது உதாரணத்துக்குத் திரும்புவோம். நாற்பதில் 25ஐக் கணக்குப் பரிசோதனையாக எழுதுகிறோம். ஒன்றுக்குக் கால் மணித்தியாலம் வீதம் ஆறேகால் மணித்தியாலம். பணம் கைமாறும் முக்கியமான 10ஐ மட்டும் திரைப் பரிசோதனையாக எழுதுகிறோம். 15 மணித்தியாலம். எஞ்சிய 5ஐ மனிதக் கண்ணுக்கு விட்டுவிடுகிறோம். மொத்தம் இருபத்தொன்றேகால் மணித்தியாலம், 42,500 ரூபா. பராமரிப்பு மாதம் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடங்கினால் 3,000 ரூபா.

இந்த 35ஐயும் கையால் பார்த்திருந்தால் ஒரு சுற்றுக்கு 1,050 ரூபா. மாதம் 20 சுற்றுக்கு 21,000 ரூபா. பராமரிப்பைக் கழித்து மாத மிச்சம் 18,000 ரூபா. போட்ட முதல் இரண்டரை மாதத்துக்குள் திரும்பிவிடுகிறது. முன்பு 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா போட்டு ஏழரை மாதம் காத்திருந்த இடத்தில், மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடிய முதலுடன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த காலத்தில் அதே பாதுகாப்பு கிடைக்கிறது.

திரை வழியாகப் பார்க்க வேண்டிய அந்தப் பத்தை எப்படித் தெரிவு செய்வது? மூன்று கேள்விகள் போதும்.

1. இது பிழைத்தால் பணம் போகுமா? விற்பனை, திருப்பி எடுத்தல், கடன் கணக்கு, பணம் செலுத்தல் ஆகியவை இதில் அடங்கும்.

2. இதை அடிக்கடி பார்க்க வேண்டியுள்ளதா?

3. இந்தத் திரை அடிக்கடி மாறாமல் நிலையாக இருக்கிறதா?

மூன்றுக்கும் ஆம் என்றால் தன்னியக்கமாக்குங்கள். பெருநாள் காலத்துக்காக மட்டும் போடும் விசேட விற்பனைப் பக்கத்தைப் போல இரண்டு வாரத்தில் மறையப்போகும் திரைக்குப் பரிசோதனை எழுதுவது வீண். அதை ஒருவர் அமர்ந்து பார்த்தால் போதும்.

பார்கோட் ஸ்கேனர், பில் அச்சிடும் இயந்திரம், லாச்சி ஆகியவையும் கையால் பார்க்க வேண்டியவையே. பில்லில் தமிழ் எழுத்து, சிங்கள எழுத்து உடையாமல் வருகிறதா, கடுதாசி ஓரத்தில் தொகை வெட்டுப்படுகிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதுதான் மலிவும் நிச்சயமும். அத்துடன், கணனி நாம் கேட்டதை மட்டுமே பார்க்கும். மொத்தத் தொகை சரியா என்று கேட்டால் அதை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் கடையின் பெயர் தலைகீழாகக் கிடந்தாலும் ‘சரி’ என்றே சொல்லும்.

பொய் எச்சரிக்கை: மெதுவாகக் கொல்லும் செலவு

ஒரு பரிசோதனை நேற்றுச் சரி என்றது, இன்று பிழை என்றது, நாளை மறுபடியும் சரி என்கிறது. மென்பொருளில் யாரும் கை வைக்கவில்லை. இத்தகைய நிலையற்ற பரிசோதனைகள் கூகுளையே அலைக்கழித்தவை. அங்கு நடக்கும் பரிசோதனை ஓட்டங்களில் சுமார் 1.5 வீதம் இவ்வாறு நிலையற்ற விடை தருவதாகவும், பரிசோதனைகளில் ஏறத்தாழ 16 வீதத்தில் இந்தக் குணம் ஓரளவேனும் காணப்படுவதாகவும் 2016இல் அந்நிறுவனத்தினர் எழுதினார்கள்.

1.5 வீதம் சிறிய தொகைபோலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பரிசோதனையும் நூற்றுக்கு ஒன்றரை முறை பொய் சொல்லக்கூடியது என்று வைத்துக்கொண்டு, 40ஐ ஒன்றாக ஓடவிட்டால், ஒரு சுற்றில் குறைந்தது ஒரு பொய்யாவது வருவதற்கான வாய்ப்பு 45 வீதம். ஏறத்தாழ இரண்டு நாளுக்கு ஒரு பொய். பத்து மட்டும் ஓடினால் அது 14 வீதமாகக் குறைகிறது. குறைவாக எழுதுவதில் உள்ள இன்னொரு இலாபம் இது.

பொய் எச்சரிக்கையின் உண்மையான நட்டம் தேடிப்பார்க்கும் நேரம் மட்டுமல்ல. நாளடைவில் ஊழியர்கள் எச்சரிக்கையை மதிக்காமல் விடுகிறார்கள். ‘அது எப்பவும் அப்படித்தான், திரும்ப ஓடவிடுங்கோ’ என்ற பேச்சு வந்துவிட்டால், உண்மையான பிழை வரும் நாளிலும் அதையேதான் சொல்வார்கள். காரணமில்லாமல் அடிக்கும் களவு மணியை அயலவர்கள் கவனிப்பதை நிறுத்திவிடுவது போலத்தான்.

இதைக் குறைக்க நடைமுறையில் பயன்தரும் வழிகள் சில உள்ளன.

முதலாவது, ‘ஐந்து செக்கன் பொறு’ என்று பரிசோதனையில் எழுதக் கூடாது. இணைய வேகம் குறைந்த நாளில் ஐந்து செக்கன் போதாது. ‘மொத்தத் தொகை திரையில் தோன்றும் வரை பொறு’ என்று எழுத வேண்டும். புதிய கருவிகள் இதைத் தாமாகவே செய்கின்றன.

இரண்டாவது, பொத்தானைத் திரையில் இருக்கும் இடத்தைக் கொண்டு தேடக் கூடாது. ஒவ்வொரு முக்கிய பொத்தானுக்கும் மாறாத உட்பெயர் ஒன்றை மென்பொருள் எழுதுபவர் வைத்துவிட்டால், தோற்றம் மாறினாலும் பரிசோதனை முறியாது. பராமரிப்புச் செலவைப் பெருமளவு குறைப்பது இந்த ஒரு பழக்கம்தான். இதற்குப் புதிதாகச் செலவும் இல்லை.

மூன்றாவது, ஒவ்வொரு பரிசோதனையும் தனக்கு வேண்டிய பொருளையும் வாடிக்கையாளரையும் தானே உருவாக்கிக்கொண்டு தொடங்க வேண்டும். நேற்றைய பரிசோதனை கையிருப்பைத் தீர்த்துவிட்டதால் இன்றையது தோற்றுப்போவது வீண் அலைச்சல்.

நான்காவது, பொய் சொல்லும் பரிசோதனைக்கு ஒரு வாரத் தவணை கொடுங்கள். அதற்குள் திருத்த முடியாவிட்டால் அழித்துவிடுங்கள். நம்ப முடியாத பரிசோதனையை விட இல்லாத பரிசோதனை மேல். இல்லாததைப் பற்றி நாம் ஏமாறுவதில்லை.

பதிவு செய்யும் கருவிகளும் செயற்கை நுண்ணறிவும்

நீங்கள் திரையில் அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்து அதையே பரிசோதனையாக எழுதித்தரும் கருவிகள் நீண்ட காலமாக உள்ளன. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் வார்த்தையில் சொன்னாலே பரிசோதனையை எழுதித்தருகின்றன. எழுதும் செலவு இதனால் குறைகிறது என்பது உண்மை. ஆனால் எழுதுவது மலிவானதும் தேவையில்லாமல் நூறு எழுதிக் குவிக்கும் ஆசையும் வருகிறது. நூறையும் பராமரிக்க வேண்டியது நாம்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இக்கருவிகளில் சில, திரை இப்போது காட்டும் விடையையே சரியான விடையாக எடுத்துக்கொள்ளும். திரை 212 ரூபா 40 சதம் என்று காட்டினால் அதுவே சரி என்று பதிந்துவிடும். பிழைக்குக் காவல் வைக்கப்போய், பிழையையே காவல் காக்கும் நிலை இது. சரியான விடை எப்போதும் வெளியிலிருந்து, அதாவது உங்கள் கணக்காளரின் கையிலிருந்து வர வேண்டும்.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

சொந்த மென்பொருள் இல்லாத ஒரு கடைக்கு மாதம் 20 சுற்றுப் பரிசோதனை தேவையில்லை. மேலே சொன்ன சிக்கனமான கணக்கில்கூட, மாதம் குறைந்தது மூன்று சுற்று ஓடினால்தான் பராமரிப்புச் செலவே சரிக்கட்டும். ஆகவே ஒரு தனிக் கடை இதில் முதலிடுவது புத்திசாலித்தனமல்ல. முதலிட வேண்டியவர் மென்பொருள் வழங்குநர். அவருக்கு 100 கடைகள் வாடிக்கை என்றால், அந்த 42,500 ரூபா ஒரு கடைக்கு 425 ரூபாவாகவும், மாதப் பராமரிப்பு 30 ரூபாவாகவும் பிரிந்துவிடும். ஒரு பிளேன்ரீயோடு முடிகிற தொகையை மிச்சம் பிடிப்பதற்காக அவர் பரிசோதிக்காமல் விட்டால், நட்டம் 100 கடைகளிலும் விழும்.

எனவே அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வழங்குநரிடம் இவற்றைக் கேளுங்கள்: புதிய பதிப்பை எமக்கு அனுப்பும் முன்னர் எவற்றைப் பரிசோதிக்கிறீர்கள்? அதில் கணனி பார்ப்பது எது, ஆள் பார்ப்பது எது? வரி மாறினால் பழைய பில்லைத் திருப்பி எடுப்பதையும் பார்க்கிறீர்களா? பிழை வந்தால் முந்திய பதிப்புக்கு எத்தனை நிமிடத்தில் திரும்பலாம்? நேரடியான பதில் தருபவர் வேலை தெரிந்தவர். ‘எல்லாம் பார்த்துத்தான் அனுப்புறோம்’ என்று மழுப்புபவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது பன்னிரண்டு பில்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைப்பதுதான். ஒரு கொப்பியின் ஒரு பக்கம் போதும்.

1. ஒரு பொருள், காசுக்கு.
2. அதே பொருள் மூன்று.
3. வரியுள்ள பொருளும் வரியில்லாத பொருளும் ஒரே பில்லில்.
4. ஒரு பொருளுக்கு மட்டும் கழிவு.
5. முழுப் பில்லுக்கும் கழிவு.
6. நிறுத்து விற்கும் பொருள், ஒரு கிலோ 250 கிராம்.
7. அட்டை மூலம் பணம்.
8. பாதி காசு, பாதி அட்டை.
9. கடனுக்கு.
10. பாதியில் இரத்துச் செய்த பில்.
11. வரி மாறுவதற்கு முன் விற்ற பொருளைத் திருப்பி எடுத்தல். 2023 டிசம்பரில் 15 வீதத்தில் விற்றதை 2024 ஜனவரியில் திருப்பி எடுத்திருந்தால் 15 வீதமே கழிய வேண்டும்.
12. பணம் செலுத்தும் பொத்தானை இரண்டு முறை அழுத்துதல்.

ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைக் கணக்காளரைக் கொண்டு முன்கூட்டியே எழுதி வையுங்கள். புதிய பதிப்பு வரும் நாளில், கடை திறக்கும் முன்னர், வழங்குநரிடம் பரிசோதனைக்கென்று ஒரு தனிக் கணக்கைப் பெற்று அதில் பன்னிரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பில்லுக்குப் பின்னும் மூன்றைப் பார்க்க வேண்டும்: பில்லின் தொகை, பொருளின் கையிருப்பு, லாச்சியின் மீதி. பழகிவிட்டால் முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

மென்பொருள் வழங்குநர் தன்னியக்கப் பரிசோதனை எழுத முன்வந்தால் இந்தப் பட்டியலையே அவரிடம் கொடுக்கலாம். எதைப் பரிசோதிப்பது என்பதைத் தீர்மானிப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. அதற்குக் கணனி அறிவை விடக் கடை அறிவே அதிகம் தேவை. எந்தப் பில்லில் பணம் நழுவும் என்பது கல்லாவில் அமர்ந்தவருக்குத் தெரிந்த அளவுக்குச் செய்நிரல் எழுதுபவருக்குத் தெரியாது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பரிசோதனைக்குப் போடும் பணமும் அப்படித்தான். பணம் கைமாறும் திரைகளுக்குப் பத்து, கணக்குக்கு இருபத்தைந்து, மீதி மனிதக் கண்ணுக்கு என்று அளந்து போடுபவருக்கு அது திரும்பி வரும். அடுத்த முறை வரி வீதம் மாறும் அறிவித்தல் வெளியாகும்போது, முந்திய நாள் இரவே தனது பில் சரியா என்று அவர் பார்த்து முடித்திருப்பார்.